புது இயங்குதளத்துக்கு முதல் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது?

விண்டோஸ் தவிர வேறெதையும் தொட்டிராத ஒருவர் லினக்ஸுக்கு வருகிறார். லினக்ஸிலேயே ஊறிய இன்னொருவர் கையில் அலுவலகம் ஒரு மேக்கைக் கொடுத்துவிடுகிறது. மூன்றாமவரிடம், 'நம்ம சர்வர் எல்லாமே ஃப்ரீபிஎஸ்டிதான்' (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். மூவரும் செய்யும் முதல் வேலை ஒன்றுதான்: 'தொடக்கநிலையாளருக்கான புத்தகம்' என்று தேடுவது. வரும் பட்டியலில் எல்லா அட்டையிலும் அந்தச் சொல் இருக்கும். யாருடைய தொடக்கம் என்பது மட்டும் இருக்காது.

தொடக்கநிலை என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விதமான புத்தகங்கள் விற்பனையாகின்றன. மவுஸைப் பிடிப்பதிலிருந்து சொல்லித்தருபவை ஒரு வகை. கணினி பழக்கம்தான், இந்த இயங்குதளம் மட்டும் புதிது என்பவருக்கானவை இன்னொரு வகை. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு இந்தத் தளத்தில் கம்பைலர், எடிட்டர், நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் (Git) எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளச் சொல்லித்தருபவையும் உண்டு. கடைசி வகை, சர்வர் நிர்வாகத்துக்கு வர நினைப்பவருக்கானது. அதுவும் 'தொடக்கம்' என்றுதான் சொல்லும். மூன்றாம் அத்தியாயத்திலேயே டிஸ்க் பார்ட்டிஷன், நெட்வொர்க் ரூட்டிங் என்று கிளம்பிவிடும். இதில் எதுவும் மோசமான புத்தகம் இல்லை. ஆள் மாறிக் கிடைத்தால்தான் சிக்கல்.

எனவே விலையையும் நட்சத்திரங்களையும் பார்க்கும் முன் முன்னுரையைப் படியுங்கள். 'இந்த நூல் யாருக்கு', 'வாசகருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும்' என்று பொறுப்புள்ள ஆசிரியர்கள் அங்கே எழுதியிருப்பார்கள். 'புதியவர் முதல் வல்லுநர் வரை அனைவருக்கும்' என்று இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எழுதும்போது ஒரு வாசகரை மனதில் வைக்காத புத்தகம் அது.

இன்னொரு பொறியும் உண்டு. 'இயங்குதளம்' என்று பொதுவாகத் தேடினால் கல்லூரிப் பாடநூல்களும் சேர்ந்தே வரும். பிராசஸ்களை எந்த வரிசையில் ஓட்டுவது, மெய்நிகர் நினைவகம் எப்படி வேலை செய்கிறது, டெட்லாக் ஏன் வருகிறது என்று ஒரு இயங்குதளத்தைக் கட்டுவதன் தத்துவத்தை அவை சொல்லும். அருமையான துறைதான். ஆனால் உங்கள் கணினியில் ஒரு பிரிண்டரைச் சேர்க்கக்கூட அதில் வழி இருக்காது. பயன்படுத்தக் கற்க வந்தவருக்கு அது வேறு அலமாரி.

மூன்று வேகத்தில் பழசாகும் சரக்கு

இயங்குதளப் புத்தகத்துக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரே அட்டைக்குள் மூன்று விதச் சரக்கு இருக்கும். மூன்றும் மூன்று வேகத்தில் பழசாகும். இதைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

முதலாவது, அடிப்படைக் கருத்துகள். கோப்பு என்றால் என்ன, ஃபோல்டர் என்றால் என்ன, ஒரு கோப்பைத் திறக்க யாருக்கு அனுமதி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இயங்குதளம் எப்படிக் கணக்கு வைக்கிறது, ஒரு கட்டளையின் விடையை இன்னொரு கட்டளைக்குள் எப்படிச் செலுத்துவது போன்றவை. இன்றைய லினக்ஸுக்கும் மேக்குக்கும் முன்னோடியான யூனிக்ஸ் 1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி கைகளில் தொடங்கியது. கட்டளைகளைக் கோக்கும் 'பைப்' 1973-ல் வந்தது. இன்று லினக்ஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி எதில் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்தாலும் அதே பைப் அதே குறியோடு உட்கார்ந்திருக்கிறது. பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1984-ல் எழுதிய யூனிக்ஸ் நூலில் ஷெல் (தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் நிரல்) பற்றிய பக்கங்களை இன்று திறந்து தட்டிப் பார்த்தாலும் பெரும்பகுதி ஓடும். கணினித் துறையில் இவ்வளவு ஆயுள் அபூர்வம்.

இரண்டாவது, நிர்வாகக் கட்டளைகள்: மென்பொருளை நிறுவுவது, பின்னணியில் ஓடும் சர்வீஸை நிறுத்தித் தொடங்குவது, நெட்வொர்க்கை அமைப்பது. இவை சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை புரண்டு படுக்கும். லினக்ஸில் கணினி எழும்போது எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் பொறுப்பு நெடுங்காலம் 'இனிட்' என்ற பழைய முறையிடம் இருந்தது. அந்த இடத்துக்கு 'சிஸ்டம்டி' வந்தது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அதை 2014-ல் ஏற்றது. டெபியன் 8-ம் உபுண்டு 15.04-ம் 2015 ஏப்ரலில் ஏற்றன. அதற்கு முன் எழுதிய புத்தகம் பழைய முறையின் இயக்க நிலைகளான ரன்லெவல்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எடுத்துக்கொண்டிருக்கும். உழைத்துப் படித்து முடித்தபின், உங்கள் கணினியில் அது வேறு விதமாக இருக்கும். நெட்வொர்க் பக்கத்தில் 'இஃப்கான்ஃபிக்' கட்டளையின் கதையும் இதுதான். டெபியன் 9 முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. 'ஐபி' கட்டளைதான் இப்போது. ஃப்ரீபிஎஸ்டியில் 2014-ல் வெளியான 10-ஆம் பதிப்போடு பழைய பேக்கேஜ் கருவிகள் போய் 'பிகேஜி' வந்தது.

மூன்றாவது, திரை. எந்த மெனு, எந்த ஐகான், எந்த மூலை. இது பால் மாதிரி, சீக்கிரம் கெட்டுவிடும். உபுண்டுவில் 2011-லிருந்து யூனிட்டி என்ற முகப்பு. 2017 அக்டோபரில் அதை விட்டுவிட்டு நோமுக்கு மாறினார்கள். இடைப்பட்ட காலத்தில் படம்படமாக அச்சிட்ட புத்தகங்கள் ஒரே நாளில் காட்சிப் பொருளாகிவிட்டன. மேக்கில் பல ஆண்டுகள் 'சிஸ்டம் பிரிஃபரன்சஸ்' என்றிருந்தது 2022-ன் வெஞ்சுரா பதிப்பில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' ஆனது. பெயர் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. உள்ளே இருந்த வரிசையும் கலைந்தது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலில் இருந்தவை ஒவ்வொன்றாகச் செட்டிங்ஸுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருப்பதைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது கையிலுள்ள புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் கணினித் திரையின் படங்களும் அம்புக்குறிகளுமாக இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது மூன்றாவது சரக்குக்கு. அது இணையத்தில் இலவசமாகவும் இன்னும் புதிதாகவும் கிடைக்கும். முதல் சரக்குக்குத்தான் புத்தகம் வேண்டும். ஒரு கருத்தை நிதானமாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி எழுப்ப முந்நூறு பக்கமும் ஒரே ஆசிரியரின் குரலும் தேவைப்படுகிறது. துண்டு துண்டான இணையக் குறிப்புகளால் அதைச் செய்ய முடிவதில்லை. இரண்டாவது சரக்கு புத்தகத்திலும் இருக்கலாம், ஆனால் அது உங்கள் கணினியிலுள்ள பதிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பதிப்பு, ஆண்டு, குடும்பம்

'லினக்ஸ்' என்று அட்டையில் இருந்தால் மட்டும் போதாது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவை மட்டுமே. அதைச் சுற்றி மற்ற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருபவைதான் டிஸ்ட்ரோக்கள். டெபியனும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவும் மின்ட்டும் ஒரு குடும்பம்; மென்பொருள் நிறுவ 'ஆப்ட்' கட்டளை. ரெட் ஹேட், ஃபெடோரா, ராக்கி, ஆல்மா இன்னொரு குடும்பம், அங்கே 'டிஎன்எஃப்'. ஆர்ச் தனி வழி. கோப்பு, அனுமதி, ஷெல் பற்றிய அத்தியாயங்கள் எல்லாக் குடும்பத்துக்கும் பொது. நிறுவுவது, அப்டேட் செய்வது பற்றிய அத்தியாயங்கள் குடும்பத்துக்குள்தான் செல்லும். உங்கள் கணினியில் உபுண்டு, புத்தகம் ஃபெடோராவை வைத்து எழுதியது என்றால், முதல் மாதம் முழுக்க மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். அனுபவசாலிக்கு அது நல்ல பயிற்சி; புதியவருக்குத் தேவையில்லாத சுமை.

ரெட் ஹேட் குடும்பத்தின் இலவச டிஸ்ட்ரோவான சென்ட்ஓஎஸ்ஸை நம்பி எழுதப்பட்ட புத்தகங்கள் இன்னும் பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் ஏராளம். சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-ல் நின்றது. 7-க்கு 2024 ஜூன் 30. இந்த நூல்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே பாடத்தை ராக்கியிலோ ஆல்மாவிலோ வைத்துப் படிக்கலாம். ஆனால் புதிதாகக் காசு கொடுத்து வாங்க அவசியமில்லை.

உபுண்டு பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிந்தால் நல்லது. 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருவது எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு ஐந்தாண்டுகள் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். இடைப்பட்ட பதிப்பை வைத்து ஒரு நூல் எழுதப்பட்டிருந்தால் அச்சாகிக் கடைக்கு வரும்போதே அந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்திருக்கக்கூடும். எல்டிஎஸ்ஸை வைத்து எழுதிய நூலையே தேடுங்கள்.

புத்தகத்தில் அச்சான ஆண்டு உங்களை ஏமாற்றும். மறு அச்சும் புதிய பதிப்பும் ஒன்றல்ல. 2023 என்று போட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் 2014 பதிப்பின் எத்தனையாவதோ மறு அச்சாக இருக்கும். அதோடு, எழுதி முடித்து, திருத்தி, அச்சேற ஓராண்டு எளிதாகப் போய்விடும். அதனால் ஆண்டைப் பார்ப்பதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது மேல். லினக்ஸ் நூலென்றால் கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவைத் திறந்து 'சிஸ்டம்டி' இருக்கிறதா, எத்தனை பக்கம் என்று பாருங்கள். மேக் நூலென்றால் டெர்மினல் அத்தியாயத்தில் எந்த ஷெல் என்று பாருங்கள். 2019-ல் வந்த கேட்டலீனாவிலிருந்து புதிய கணக்குகளுக்கு இயல்பு ஷெல் 'இசட் ஷெல்', அதற்கு முன் 'பாஷ்'. 2020 இறுதியில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியதைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் புத்தகம் எந்தக் காலத்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதை மட்டும் பேசும் நூல் இனி வேண்டாம்.

சொல்லடைவே இல்லாத தொழில்நுட்பப் புத்தகம் கண்ணில் பட்டால் அங்கேயே வைத்துவிடுங்கள். முதல் வாசிப்புக்கு அது தேவைப்படாது. இரண்டாம் மாதம், 'அந்த அனுமதி எண் கணக்கு எங்கேயோ படித்தோமே' என்று தேடும்போது அருமை தெரியும்.

ஒரு பக்கத்தை வைத்துப் புத்தகத்தை எடைபோடுவது

யூனிக்ஸ் வழிவந்த எந்த இயங்குதளத்துக்கான நூலானாலும் நான் முதலில் திறப்பது கோப்பு அனுமதி பற்றிய பக்கத்தைத்தான். இணையத்தில் வாங்குவதானால் மாதிரி அத்தியாயத்தில் அது கிடைக்கிறதா என்று பார்க்கலாம்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பு: உரிமையாளர், குழு, மற்றவர்கள். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று அனுமதி: படிக்க, எழுத, இயக்க. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7 வரை வரும். 755 என்றால் உரிமையாளருக்கு எல்லாம் உண்டு. குழுவுக்கும் மற்றவர்களுக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும். இதுவரை எல்லாப் புத்தகமும் சொல்லிவிடும். அட்டவணை போட்டுப் பளிச்சென்று சொல்லும்.

சோதனை அடுத்த வரியில் இருக்கிறது: ஒரு ஃபோல்டருக்கு 'இயக்க அனுமதி' என்றால் என்ன பொருள்? ஃபோல்டரை எப்படி இயக்குவது? இந்தக் கேள்வி புதியவர் எல்லோருக்கும் வரும். சுமாரான புத்தகம் சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். நல்ல புத்தகம் நின்று சொல்லும்: ஃபோல்டரைப் பொறுத்தவரை படிக்கும் அனுமதி என்பது உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் உரிமை, இயக்க அனுமதி என்பது அதைக் கடந்து உள்ளே உள்ளதை எட்டும் உரிமை. படிக்கும் அனுமதி இருந்து இயக்க அனுமதி இல்லாவிட்டால் பெயர்கள் தெரியும், கோப்பைத் திறக்க முடியாது. இயக்க அனுமதி மட்டும் இருந்தால் பட்டியல் வராது, ஆனால் பெயர் தெரிந்த கோப்பைத் திறந்துவிடலாம்.

அதைவிட நுணுக்கமான இன்னொன்று. ஒரு கோப்பை அழிக்க யாருக்கு உரிமை? கோப்பில் எழுதும் அனுமதி உள்ளவருக்கு என்றுதான் தோன்றும். உண்மையில் அதைத் தீர்மானிப்பது கோப்பு இருக்கும் ஃபோல்டரின் அனுமதி. ஃபோல்டரில் எழுதவும் நுழையவும் உரிமையுள்ளவர், உள்ளே இருக்கும் கோப்பு 'படிக்க மட்டும்' என்றிருந்தாலும் அழித்துவிடலாம். ஏனென்றால் அழிப்பது என்பது ஃபோல்டரின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது, கோப்புக்குள் எழுதுவதல்ல. இந்த 'ஏனென்றால்' ஒரு புத்தகத்தில் இருக்கிறதென்றால், அதன் ஆசிரியருக்கு ஃபோல்டரும் ஒரு பட்டியல்தான் என்ற அடிப்படைக் கருத்து தெரியும், அதை உங்களுக்குக் கொடுக்கவும் விருப்பம் இருக்கிறது. பிறகு பல பேர் எழுதும் தற்காலிக ஃபோல்டரில் ஒருவர் கோப்பை மற்றவர் அழிக்காமல் தடுக்க 'ஸ்டிக்கி பிட்' ஏன் தேவைப்பட்டது என்பதும் தானாக விளங்கும்.

மாறாக, 'அனுமதிப் பிழை வந்தால் சிஎச்மோட் 777 கொடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்' என்று (சிஎச்மோட் என்பது அனுமதியை மாற்றும் கட்டளை) ஒரு வரி கண்ணில் பட்டால் புத்தகத்தை மூடிவிடலாம். அது கணினியில் உள்ள எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுப்பது. பிழை மறையும், கதவும் திறந்தே கிடக்கும்.

தோல்வியைக் காட்டுகிறதா?

அடுத்த சோதனை: புத்தகத்தில் எத்தனை பிழைச் செய்திகள் அச்சாகியிருக்கின்றன? பெரும்பாலான நூல்களில் எல்லாக் கட்டளையும் முதல் தட்டிலேயே வெற்றி. உங்கள் கணினியில் அப்படி நடக்காது.

ஒரு எடுத்துக்காட்டு. முதல் ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு கோப்பை, எழுதிச் சேமித்துவிட்டீர்கள். அதே ஃபோல்டரில் நின்றுகொண்டு அதன் பெயரைத் தட்டுகிறீர்கள். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. விண்டோஸிலிருந்து வந்தவருக்கு இது விசித்திரம். அங்கே கமாண்ட் பிராம்ப்ட்டில் பெயரைத் தட்டினால் நிற்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும். யூனிக்ஸ் வழியில் ஷெல் அங்கே தேடுவதே இல்லை. 'பாத்' என்ற மாறியில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களில் மட்டும்தான் தேடும். நிற்கும் இடத்திலுள்ளதை ஓட்ட, பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட வேண்டும். காரணமும் இருக்கிறது: யாரோ ஒரு பொது ஃபோல்டரில் வழக்கமான கட்டளையின் பெயரிலேயே ஒரு விஷமக் கோப்பைப் போட்டுவைத்தால், நீங்கள் அங்கே நின்று அந்தக் கட்டளையைத் தட்டும்போது அது ஓடிவிடக் கூடாது.

புள்ளியும் சாய்கோடும் போட்ட பிறகும் 'பெர்மிஷன் டினைட்' வரலாம். இயக்க அனுமதி கொடுக்கவில்லை. ஆக, இரண்டு வெவ்வேறு பிழை, இரண்டு வெவ்வேறு காரணம். இந்த இரண்டையும் வேண்டுமென்றே வரவழைத்து, செய்தியைப் படிக்கச் சொல்லி, பிறகு தீர்வைத் தரும் புத்தகம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 'இப்படித் தட்டுங்கள்' என்று நேராகச் சரியான வடிவத்தை மட்டும் கொடுக்கும் புத்தகம் அந்த ஸ்கிரிப்டை ஓடவைக்கும், அடுத்ததில் உங்களை அம்போ என்று விட்டுவிடும்.

எங்கிருந்து வருகிறீர்கள்

புதிய இயங்குதளத்தில் கற்பதைவிட மறப்பதுதான் கடினம். அதனால் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை அறிந்து எழுதிய நூல் கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர் மறக்க வேண்டியவை: சி டிரைவ், டி டிரைவ் என்ற எழுத்துகள். இங்கே எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். பென்டிரைவைச் செருகினாலும் அது அந்த மரத்தில் ஒரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒரு கோப்பு இயங்குமா என்பதைப் பெயரின் வால் தீர்மானிப்பதில்லை, அனுமதிதான் தீர்மானிக்கிறது. இணையதளத்துக்குப் போய் நிறுவியைப் பதிவிறக்கி இரட்டைக் கிளிக் செய்யும் பழக்கமும் இங்கே இரண்டாம் பட்சம். முதலில் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில்தான் தேட வேண்டும்.

லினக்ஸிலிருந்து மேக்குக்குப் போகிறவருக்குப் பிரச்சினை வேறு: எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், திடீரென்று காலை வாரும். மேக்கின் கட்டளைக் கருவிகள் பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் கிளையின் வழி வந்தவை. லினக்ஸில் இருப்பவை குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் வழி. கோப்பை நேரடியாகத் திருத்தும் 'செட்' (sed) கட்டளையை லினக்ஸில் பழகிய மாதிரியே மேக்கில் தட்டினால் பிழை வரும்; அங்கே 'ஐ' விருப்பத்துக்குப் பின் நகல் கோப்பின் வாலுக்கு ஒரு மதிப்பு, வெறுமையாகவாவது, கொடுத்தாக வேண்டும். இப்படிப்பட்டவருக்கு ஐந்நூறு பக்கத் தொடக்கநூல் வீண். வேறுபாடுகளை மட்டும் தொகுத்துத் தரும் மெல்லிய நூலோ சில நல்ல கட்டுரைகளோ போதும்.

லினக்ஸிலிருந்து ஃப்ரீபிஎஸ்டிக்குப் போகிறவருக்கும் அப்படித்தான், ஒரு கருத்து மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டியது. அங்கே கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழு ஒன்றாக உருவாக்கும் ஒரே அமைப்பு. நீங்கள் பின்னால் நிறுவும் மென்பொருள்கள் அதிலிருந்து பிரித்து, 'யூஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'லோக்கல்' ஃபோல்டரில் போய் அமரும். அவற்றின் அமைப்புக் கோப்புகளும் அங்கேதான். லினக்ஸில் இந்தக் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது. இதை முதல் ஐம்பது பக்கத்துக்குள் சொல்லாத ஃப்ரீபிஎஸ்டி நூலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இலவசமாக இருப்பவை

காசு கொடுக்கும் முன் இலவசமாகக் கிடைப்பவற்றைப் பார்த்துவிடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி திட்டமே வெளியிடும் கையேடு ஒரு முழுப் புத்தகம். நிறுவுவதிலிருந்து ஃபயர்வால் வரை, தொடர்ந்து திருத்தப்படுகிறது. லினக்ஸ் கட்டளை வரிக்கு வில்லியம் ஷாட்ஸ் எழுதிய நூல் அச்சில் விற்கிறது. ஆசிரியரே அதை மின்னூலாக இலவசமாகவும் தருகிறார். ஆர்ச் லினக்ஸின் விக்கி மற்ற டிஸ்ட்ரோக்காரர்களும் போய்ப் பார்க்கும் அளவுக்கு விரிவானது, ஆனால் தொடக்கநூல் அல்ல. என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும் கையேடான மேன் பக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதன் வடிவம்தான் இன்றும் டெர்மினலில் 'மேன்' என்று தட்டினால் வருவது. பிரிவு 1 பயனரின் கட்டளைகள், 5 கோப்புகளின் வடிவம், 8 நிர்வாகக் கட்டளைகள் என்று எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். ஒரே பெயர் இரண்டு பிரிவில் இருக்கலாம்: 'பாஸ்வேர்டு' என்பதன் சுருக்கமான 'பாஸ்டபிள்யூடி' பிரிவு 1-ல் கடவுச்சொல்லை மாற்றும் கட்டளை, பிரிவு 5-ல் பயனர் கணக்குகள் எழுதியிருக்கும் கோப்பு. மேன் பக்கத்தைப் படித்து இயங்குதளம் கற்பது அகராதியைப் படித்து மொழி கற்பது போலத்தான். ஆனால் அகராதி பார்க்கக் கற்றுத்தருவது முதல் புத்தகத்தின் கடமை. சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது விருப்பத்துக்கு உட்பட்டது, மூன்று புள்ளி இருந்தால் பலமுறை கொடுக்கலாம் என்பதையெல்லாம் நாற்பதாம் பக்கத்துக்குள் சொல்லிவிடும் நூல், தன்னை விட்டு நீங்கள் நகர்ந்துபோக வழி செய்கிறது. அது நல்ல அறிகுறி.

லினக்ஸ் சான்றிதழ்த் தேர்வுகளுக்கான நூல்களை, எல்பிஐசி, ஆர்எச்சிஎஸ்ஏ போன்றவற்றுக்கானவற்றை, முதல் புத்தகமாக எடுக்காதீர்கள். அவற்றின் வரிசை தேர்வின் பாடத்திட்ட வரிசை; புரிந்துகொள்ளும் வரிசை அல்ல. 'ஒரே வாரத்தில்', 'இருபத்து நான்கு மணி நேரத்தில்' என்ற தலைப்புகளைப் பற்றி, தலைப்பை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். சில உள்ளே நன்றாகவே இருக்கும்.

அச்சா மின்னூலா என்பதில் ஒரு நடைமுறைச் செய்தி. மின்னூலிலிருந்து கட்டளையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டும் ஆசை வரும். அச்சுக்கோப்பு மென்பொருள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாகவும், சின்ன இடைக்கோட்டை நீண்ட கோடாகவும் மாற்றியிருந்தால், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஷெல்லுக்குப் புரியாது. வேலை செய்யாத கட்டளையை மணிக்கணக்கில் முறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சிறிய திரையில் நீண்ட கட்டளை நடுவில் உடைந்து இரண்டு வரியாகத் தெரியும் தொல்லையும் உண்டு. மாதிரிப் பக்கத்திலிருந்து ஒரு கட்டளையை நகலெடுத்து ஒட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். எப்படியானாலும் தொடக்கத்தில் கையால் தட்டுவதே மேல். விரலுக்கும் கட்டளை பழக வேண்டும்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு கணினி திறந்திருக்க வேண்டும். அது உங்கள் முக்கியக் கணினியாக இருக்க வேண்டியதில்லை. வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு வர்ச்சுவல் மெஷினை (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) உருவாக்கி, புத்தகம் எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டதோ அதையே அதில் நிறுவிக்கொண்டால் பதிப்பு வேறுபாட்டுத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். இந்த வழியில் கொஞ்சம் பழைய நல்ல புத்தகத்தைக்கூட அதற்குரிய பழைய பதிப்போடு சேர்த்துப் படிக்கலாம். ஆதரவு முடிந்த பதிப்பு என்பதால் அதை அன்றாட வேலைக்கோ இணையத்தில் உலவவோ பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். டிஸ்க் பார்ட்டிஷன் அத்தியாயத்துக்கு முன் வர்ச்சுவல் மெஷினின் அப்போதைய நிலையை அப்படியே சேமிக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால் எதை உடைத்தாலும் இரண்டு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் மூலம் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஷெல்லைப் பெறலாம். கட்டளை வரி அத்தியாயங்களுக்கு அது தாராளம். வைஃபை, பேட்டரி, பிரிண்டர், கிராபிக்ஸ் கார்டு பற்றிய அத்தியாயங்கள் மட்டும் நிஜ வன்பொருளில்தான் புரியும். அவற்றை முதல் வாசிப்பில் விட்டுவிட்டு, இயங்குதளத்தை உண்மையான கணினியில் நிறுவும் நாளில் திறந்துகொள்ளலாம்.